பறவை கிளப்போடு வீடு வீடாக விசிட் போறீங்களா? முதலில் இதைப் படிச்சுட்டுப் போங்க

பெங்களூரிலோ ஹைதராபாதிலோ வேலை. வாடகை ஃபிளாட். பால்கனியில் ஒரு ஜோடி பட்ஜி வாங்கி வைத்திருக்கிறீர்கள். நண்பர் ஒருவர் உங்களைப் பறவை வளர்ப்போர் கிளப்பின் வாட்ஸ்அப் குரூப்பில் சேர்த்துவிடுகிறார். ரெண்டு வாரம் கழித்து ஒரு மெசேஜ்: "ஞாயிறு காலை 8 மணி. மூணு மெம்பர் வீடு. டிபன் ரெண்டாவது வீட்டுல. லொக்கேஷன் தனியா வரும்."

போகலாமா? தாராளமாகப் போகலாம். பறவை வளர்ப்பைப் பற்றி ஒரே காலையில் இவ்வளவு கற்றுக்கொள்ள வேறு வழியே கிடையாது. ஆனால் ஒரு வீட்டிலிருந்து இன்னொரு வீட்டுக்கு நோய் போவதும் இதே வழியில்தான். சட்டப்படி வைத்திருக்கக் கூடாத பறவை, "சும்மா எடுத்துட்டுப் போங்க பாஸ்" என்று கை மாறுவதும் இங்கேதான். விசிட்டில் என்ன பார்க்கணும், எதைத் தொடக் கூடாது, என்ன கேட்கணும்? ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

விசிட்டில் என்னதான் நடக்கும்?

ஏவியரி என்றால் பறவைகள் சிறகை விரித்துப் பறக்க இடமுள்ள பெரிய கூண்டு. பெரும்பாலும் ஆள் உள்ளே போய் நிற்கும் உயரத்தில் இருக்கும். நம் நகரங்களில் இது மொட்டை மாடியில் இருக்கலாம், பால்கனியை வலை போட்டு மூடியதாக இருக்கலாம், வீட்டின் பின்பக்கச் சந்தில் கம்பிவலை அடித்ததாகவும் இருக்கலாம். கிளப் உறுப்பினர்கள் கூட்டமாக ஒரு வீட்டுக்குப் போகிறார்கள். வீட்டுக்காரர் தன் பறவைகளைக் காட்டுகிறார். என்ன தீனி, எந்த ஜோடி முட்டை வைத்தது, எது தோற்றுப்போனது என்று பேசுகிறார். டீ வருகிறது. அடுத்த வீடு.

இதில் என்ன பெரிய லாபம்? கடையில் ஒரு பறவை சில நாள் இருக்கும், அப்புறம் விற்றுப்போகும். அதைப் பத்து வருஷம் உயிரோடு வைத்திருப்பது எப்படி என்று கடைக்காரருக்குத் தெரிய வேண்டிய அவசியமே இல்லை. உறுப்பினர் வீட்டில் அந்தப் பத்து வருஷமும் உங்கள் கண் முன்னால் நிற்கும்.

இன்னொரு காரணமும் உண்டு. பறவை வளர்ப்புப் புத்தகங்களும் வீடியோக்களும் பெரும்பாலும் பிரிட்டன், ஆஸ்திரேலியா, அமெரிக்கக் காலநிலைக்காக எழுதப்பட்டவை, எடுக்கப்பட்டவை. அங்கே குளிரில் ஹீட்டர் எப்படி வைப்பது என்று அத்தியாயம் அத்தியாயமாக இருக்கும். நமக்கு இருக்கும் தலைவலி மே மாத வெயில், மழைக்கால ஈரத்தில் பூஞ்சை பிடிக்கும் தினை, எறும்பு, எலி. இதற்கான விடை உங்கள் ஊரில் ஏழெட்டுக் கோடையைத் தாண்டிய ஒருவரின் மாடியில்தான் இருக்கிறது.

பறவையைப் பார்ப்பதற்கு முன் கூண்டைப் பாருங்கள்

உள்ளே நுழைந்ததும் கண் நேராக நீல நிற மக்காவிடம் போகும். கொஞ்சம் பொறுங்கள். கற்றுக்கொள்ள வேண்டியது முதலில் கூண்டில் இருக்கிறது.

கதவு: நல்ல ஏவியரிக்கு இரட்டைக் கதவு இருக்கும். முதல் கதவைத் திறந்து, மூடி, அதற்குப் பிறகே இரண்டாவதைத் திறப்பார்கள். தப்பித்துப் பறந்த பட்ஜிக்கு ஊருக்குள் பிழைக்கத் தெரியாது. காகமோ பருந்தோ முதலில் பார்த்துவிடும்.

வலை: சின்னப் பறவைகளுக்கு அரை அங்குலக் கண் உள்ள கம்பிவலை போடுவது வழக்கம். அதற்கு மேல் போனால் சுண்டெலியும் சின்னப் பாம்பும் நுழைய வழி. புது கால்வனைஸ்டு வலையில் துத்தநாகப் பூச்சு இருக்கும். கிளி இனங்கள் எதையும் அலகால் கடித்துப் பார்ப்பவை என்பதால் அந்தப் பூச்சு வயிற்றுக்குள் போய் விஷமாகலாம். அனுபவசாலிகள் புது வலையை வினிகர் போட்டுத் தேய்த்துக் கழுவி, வெயிலில் மழையில் கிடக்கவிட்டுப் பிறகே பறவையை விடுகிறார்கள். உங்கள் ஹோஸ்ட் என்ன செய்தார் என்று கேளுங்கள்.

வடிவம்: பறவை பக்கவாட்டில் பறக்கும், லிஃப்ட் மாதிரி மேலும் கீழும் போகாது. அதனால் கூண்டுக்கு உயரத்தைவிட நீளம் முக்கியம். கடையில் அழகாகத் தொங்கும் உயரமான வட்டக் கூண்டு, பார்ப்பவருக்கு அலங்காரம், உள்ளே இருப்பதற்கு அவஸ்தை.

உட்காரும் கொம்பு: எல்லாமே ஒரே தடிமனான பிளாஸ்டிக் குச்சி என்றால் பாதத்தின் ஒரே இடத்தில் எப்போதும் அழுத்தம் விழும், புண் வரும். கொய்யா, வேம்பு போன்ற மரக்கிளைகளைத் தடிமன் மாற்றி மாற்றிக் கட்டியிருக்கிறாரா பாருங்கள். தண்ணீர்க் கிண்ணத்துக்கு நேர் மேலே கொம்பு இருந்தால், எச்சம் எங்கே விழும் என்று சொல்லவே வேண்டாம்.

தீனி: கிண்ணத்தில் சூரியகாந்தி விதை மட்டும் இருந்தால் யோசியுங்கள். அதில் கொழுப்பு அதிகம். மனுஷன் தினமும் வடையும் பஜ்ஜியும் மட்டும் சாப்பிடுவது மாதிரி. தினை, சாமை, முளைகட்டிய பயறு, முருங்கைக்கீரை, கொத்தமல்லி, கால்சியத்துக்குக் கணவாய் ஓடு என்று கலந்து இருந்தால் வீட்டுக்காரர் யோசித்துச் செய்கிறார் என்று அர்த்தம்.

மூக்கையும் பயன்படுத்துங்கள். கண் எரிகிற மாதிரி அமோனியா நெடி அடித்தால் தரை பல நாளாகச் சுத்தமாகவில்லை. நமக்கே எரிகிறது என்றால், அதே காற்றில் நாள் முழுக்க இருக்கும் பறவைக்கு எப்படி இருக்கும்? பறவைகளின் சுவாசம் நம்முடையதைவிட ரொம்ப நுட்பமானது. காற்றில் உள்ள ஆக்சிஜனையும் வேகமாக எடுக்கும், நஞ்சையும் வேகமாக எடுக்கும். பிரிட்டனின் நிலக்கரிச் சுரங்கங்களில் விஷவாயுவைக் கண்டுபிடிக்க 1986 வரை கேனரிப் பறவைகளை வைத்திருந்தது இதனால்தான். விசிட் போகும் நாளில் பெர்ஃப்யூம், பாடி ஸ்ப்ரே வேண்டாம் என்பதற்கும் இதுவே காரணம். நான்ஸ்டிக் தவா அளவுக்கு மீறிச் சூடானால் வரும் புகை பக்கத்து அறையில் இருக்கும் பறவையைக்கூடக் கொன்றுவிடும். சமையலறையை ஒட்டிக் கூண்டு வைக்க நினைப்பவர்கள் கவனிக்க வேண்டிய விஷயம் இது.

இப்போது பறவையைப் பாருங்கள். பட்டப்பகலில் உடலை உப்பவைத்து, இரண்டு காலிலும் நின்று தூங்குகிறதா? மூச்சு விடும்போது வால் மேலும் கீழும் ஆடுகிறதா? பின்பக்க இறகில் எச்சம் ஒட்டியிருக்கிறதா? மூன்றுமே உடம்பு சரியில்லை என்பதன் அடையாளம். பறவைகள் நோயை மறைப்பதில் கெட்டிக்காரர்கள். காட்டில் பலவீனத்தைக் காட்டினால் வேட்டையாடும் பறவை முதலில் அதைத்தான் தூக்கும். கூண்டிலும் அந்தக் குணம் மாறுவதில்லை. ஆக, உங்கள் கண்ணுக்கு நோய் தெரிகிறது என்றால், அது ஏற்கெனவே முற்றிவிட்டது.

ஒரு சின்ன துப்பறியும் வேலையும் உண்டு. நெஞ்சில் இறகு இல்லை, தலையில் மட்டும் ஒழுங்காக இருக்கிறது என்றால் அந்தப் பறவை தன் இறகைத் தானே பிடுங்குகிறது. தன் தலை தன் அலகுக்கு எட்டாதே! இதற்குத் தனிமை, சலிப்பு, தோல் பிரச்னை எனப் பல காரணங்கள் இருக்கலாம். தலையும் சேர்ந்து சொட்டையாக இருந்தால், பக்கத்துப் பறவை கொத்துகிறது, அல்லது நோய்.

உங்கள் ஷூவோடு என்ன வருகிறது?

முதல் வீட்டில் நீங்கள் ஏவியரிக்குள் நுழைந்து, காக்டெயிலைக் கையில் ஏற்றி, போட்டோ எடுத்துக்கொண்டீர்கள். பத்து நிமிஷத்தில் இரண்டாவது வீட்டில் அதே ஷூ, அதே கை, அதே சட்டை. முதல் வீட்டுப் பறவைக்கு நோய் இருந்தால், அதைச் சுமந்து போன டெலிவரி ஆள் நீங்கள்தான்.

கிளி இனங்களைத் தாக்கும் அலகு-இறகு நோய் என்ற வைரஸ் நோய் இருக்கிறது. இறகுத் தூசியிலும் எச்சத்திலும் பரவும், உடலுக்கு வெளியேயும் ரொம்ப நாள் தாக்குப்பிடிக்கும். இதற்கு மருந்து கிடையாது. ஒரு வீட்டில் புகுந்தால் வருஷக்கணக்கில் சேர்த்த பறவைகள் எல்லாம் போய்விடும்.

சிட்டகோசிஸ் என்ற நோய் பறவையிலிருந்து மனிதனுக்கே வரும். கிளாமிடியா சிட்டாசி என்ற பாக்டீரியா காரணம். பார்க்க ஆரோக்கியமாக இருக்கும் கிளியும் இதைச் சுமக்கலாம். காய்ந்த எச்சம் தூசியாகி மூச்சில் போனால், பொதுவாக 5 முதல் 14 நாளுக்குள் காய்ச்சல், தலைவலி, வறட்டு இருமல் வரும். டாக்சிசைக்ளின் போன்ற ஆன்டிபயாடிக்கில் குணமாகும். பிரச்னை என்னவென்றால், "வீட்டில் பறவை இருக்கா?" என்று டாக்டர் கேட்க மாட்டார். விசிட் போய் வந்து இப்படிக் காய்ச்சல் வந்தால் அந்தத் தகவலை நீங்களே சொல்லிவிடுங்கள். கர்ப்பிணிகளும் எதிர்ப்பு சக்தி குறைந்தவர்களும் ஏவியரிக்குள் போகாமல் வெளியே நின்று பார்ப்பது நல்லது.

மூன்றாவது, பறவைக் காய்ச்சல். இந்தியாவில் இது முதலில் உறுதியானது 2006-ல், மகாராஷ்டிராவின் நவாப்பூரில். அதன் பிறகு பல மாநிலங்களில் திரும்பத் திரும்ப வந்துகொண்டிருக்கிறது. நோய் உறுதியான இடத்திலிருந்து 1 கி.மீ. தூரத்துக்குள் இருக்கும் வளர்ப்புப் பறவைகளை அழிப்பது அரசின் நடைமுறை. 2020 மார்ச்சில் கோழிக்கோட்டில் நோய் வந்தபோது கோழியும் வாத்தும் மட்டும் அல்ல, வீட்டில் செல்லமாக வளர்த்த பறவைகளும் இந்த உத்தரவுக்குள் வந்தன. அதனால் உங்கள் ஊரிலோ பக்கத்து மாவட்டத்திலோ பறவைக் காய்ச்சல் செய்தி வந்தால், அந்த மாத விசிட்டை ரத்து செய்யச் சொல்லும் முதல் ஆளாக நீங்கள் இருங்கள்.

அதுக்காகப் பயந்து வீட்டிலேயே உட்கார வேண்டாம். இந்த ஒழுங்கு போதும்:

* காலையில் உங்கள் பறவைகளுக்குத் தீனி வைத்த உடையோடு கிளம்ப வேண்டாம். குளித்து, துவைத்த உடை போடுங்கள்.
* ஒவ்வொரு வீட்டு வாசலிலும் சோப்புப் போட்டுக் கை கழுவுங்கள். செருப்பை வெளியே விடுங்கள், அல்லது ஹோஸ்ட் வைத்திருக்கும் கிருமிநாசினியில் அடிப்பாகத்தை நனையுங்கள்.
* வீட்டுக்காரர் தூக்கிக் கையில் கொடுத்தால் ஒழிய எதையும் தொட வேண்டாம். கொடுத்தாலும் "வேண்டாம் சார், பார்த்தாலே போதும்" என்று சொல்வது தப்பில்லை.
* குஞ்சு இருக்கும் பெட்டிக்குள் எட்டிப் பார்க்க வேண்டாம். புது முகங்கள் கூட்டமாகத் தொந்தரவு செய்தால் சில ஜோடிகள் முட்டையைக் கைவிட்டுவிடும். ஃபிளாஷும் கூடாது.
* வீடு திரும்பியதும் உங்கள் பறவைகளிடம் நேராக ஓடாதீர்கள். முதலில் குளியல், உடை மாற்றம்.
* உங்கள் பறவைகளில் ஒன்றுக்கு உடம்பு சரியில்லையா? அந்த மாதம் போகாதீர்கள். புதிதாக ஒன்று வாங்கி வந்து தனிமையில் வைத்திருக்கும்போதும் இதே விதிதான்.

எந்தப் பறவையை வைத்திருந்தால் கேஸ்?

வீடு வீடாகப் போகும்போது, "இது லீகலா?" என்ற கேள்வி உங்கள் மனதில் வரும். கேட்கக் கூச்சமாகவும் இருக்கும். அடிப்படை ரொம்ப எளிது: இந்தியப் பறவையா, வெளிநாட்டுப் பறவையா?

இந்தியாவின் காட்டுப் பறவைகளை 1972-ம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் காக்கிறது. பச்சைக்கிளி, அதைவிடப் பெரிய அலெக்சாண்டிரின் கிளி, மலை மைனா, சில்லை எனப்படும் முனியா குருவிகள் எல்லாம் இதில் வரும். "எங்க தாத்தா காலத்துல இருந்து வீட்டுல கிளி வளர்க்கிறோம்" என்பது சட்டத்தின் முன் பதில் ஆகாது. கிளி ஜோசியக்காரரின் கிளிக்கும் இதே சட்டம்தான். 2023-ல் சென்னையில் ஒரு நகைச்சுவை நடிகரின் வீட்டில் இருந்த இரண்டு அலெக்சாண்டிரின் கிளிகளை வனத்துறை கைப்பற்றியது. அவருக்கு விதிக்கப்பட்ட அபராதம் ரூ.2.5 லட்சம். தெரியாமல் வளர்த்தோம் என்று சொல்வதால் அபராதம் மறைந்துவிடாது.

சந்தையில் முனியாக்களுக்குச் சாயம் பூசி 'கலர் ஃபிஞ்ச்' என்று விற்கும் மோசடியும் உண்டு. விலை ரொம்பக் குறைவு, குளித்தால் நிறம் போகிறது என்றால் புரிந்துகொள்ளுங்கள்.

வெளிநாட்டுப் பறவைகளுக்கு வேறு கணக்கு. அழியும் ஆபத்துள்ள உயிரினங்களின் பன்னாட்டு வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டீஸ் ஒப்பந்தத்தின் பட்டியலை, 2022-ல் வந்த திருத்தம் நம் சட்டத்தின் நான்காவது அட்டவணையாகச் சேர்த்தது. 2023 ஏப்ரல் 1 முதல் அது அமலில் இருக்கிறது. அந்தப் பட்டியலில் உள்ள பறவையை உயிருடன் வைத்திருப்பவர்கள் அரசிடம் பதிவு செய்ய வேண்டும். இதற்கான விதிகள் 2024 பிப்ரவரி 28-ல் வந்தன. ஏற்கெனவே வைத்திருந்தவர்களுக்கு ஆறு மாத அவகாசம் கொடுத்தார்கள். இனி புதிதாக வாங்கினால் 30 நாளுக்குள் பதிவு செய்ய வேண்டும். மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகத்தின் பரிவேஷ் தளத்தில் ஆன்லைனில் விண்ணப்பிக்கலாம். மாநிலத் தலைமை வனவிலங்குக் காப்பாளருக்கு அது போகும்.

சரி, எது பட்டியலில் இருக்கிறது, எது இல்லை?

* பட்ஜி, காக்டெயில், பீச் ஃபேஸ்டு லவ்பேர்ட், ஜீப்ரா ஃபிஞ்ச்: சைட்டீஸ் பட்டியலில் இல்லை. இந்தப் பதிவு தேவையில்லை.
* ஃபிஷர் லவ்பேர்ட், சன் கான்யூர், நீல-மஞ்சள் மக்கா, ஜாவா ஸ்பேரோ: இரண்டாம் இணைப்பில் உள்ளவை. பதிவு வேண்டும்.
* ஆப்பிரிக்கச் சாம்பல் கிளி, ஸ்கார்லெட் மக்கா, ஹயசிந்த் மக்கா: முதலாம் இணைப்பு. பதிவு கட்டாயம். இவற்றை இனப்பெருக்கம் செய்ய வேண்டும் என்றால் தனி உரிமம் வேறு.

லவ்பேர்டில்தான் பலரும் மாட்டுகிறார்கள். ரெண்டும் கையடக்கப் பறவை, ஒரே கடை, கிட்டத்தட்ட ஒரே விலை. ஒன்றுக்குப் பதிவு வேண்டாம், இன்னொன்றுக்கு வேண்டும்.

சாம்பல் கிளியின் கதையைத் தெரிந்துகொண்டால் இந்தக் கெடுபிடி ஏன் என்று புரியும். மனிதப் பேச்சை அச்சு அசலாகப் பேசும் அந்தக் கிளியின் புகழே அதற்கு எமன் ஆனது. ஆப்பிரிக்கக் காடுகளிலிருந்து கூட்டம் கூட்டமாகப் பிடித்து ஏற்றுமதி செய்தார்கள். 2016-ல் ஜோஹன்னஸ்பர்க்கில் கூடிய சைட்டீஸ் மாநாடு அதை முதலாம் இணைப்புக்கு மாற்றி, காட்டில் பிடித்த கிளிகளின் பன்னாட்டு வணிகத்துக்குத் தடை போட்டது. இன்று ஒரு வீட்டில் சாம்பல் கிளியைப் பார்த்தால் அது வீட்டில் பொரித்த குஞ்சா, கடத்தி வந்ததா என்று பார்வையால் சொல்ல முடியாது. காகிதம்தான் சொல்ல வேண்டும்.

காகிதத்தோடு காலில் உள்ள வளையத்தையும் பாருங்கள். மூட்டு இல்லாத முழு வளையத்தை, குஞ்சு பிறந்த முதல் சில நாட்களில் மட்டுமே பாதம் வழியாக மாட்ட முடியும். வளர்ந்த பிறகு பாதம் பெரிதாகிவிடும். அதனால் சரியான அளவில் இருக்கும் மூடிய வளையம், அந்தப் பறவை மனிதர் கையில் பிறந்தது என்பதற்கு நல்ல அடையாளம். வருஷமும் வளர்த்தவரின் குறியீடும் அதில் பொறித்திருக்கும். அதற்காக வளையம் பதிவுச் சான்றிதழுக்கு மாற்று ஆகிவிடாது.

யாரிடமாவது பச்சைக்கிளி இருந்து, "பயமா இருக்கு, திறந்து விட்டுடலாமா?" என்று கேட்டால் வேண்டாம் என்று சொல்லுங்கள். கையில் வளர்ந்த கிளிக்கு இரை தேடத் தெரியாது. வனத்துறையிடம் ஒப்படைப்பதே சரி. வெளிநாட்டுப் பறவையைத் திறந்துவிடுவது அதைவிட மோசம். ஒன்று அது சாகும், இல்லையென்றால் பெருகி உள்ளூர்ப் பறவைகளின் பொந்தைப் பிடுங்கும்.

கூண்டில் வளர்ப்பதே சரிதானா?

இந்தக் கேள்வியை உங்கள் வீட்டிலேயே யாராவது கேட்டிருப்பார்கள். நீதிமன்றங்களும் கேட்டிருக்கின்றன. பறவைகளுக்குச் சுதந்திரமாக வாழும் உரிமை உண்டு என்று 2011-ல் குஜராத் உயர் நீதிமன்றமும், வானில் பறக்கும் உரிமை உண்டு என்று 2015-ல் டெல்லி உயர் நீதிமன்றமும் சொன்னது. 1960-ம் ஆண்டின் விலங்குகள் வதைத் தடுப்புச் சட்டமோ, நடமாட நியாயமான இடம் இல்லாத கூண்டில் விலங்கை அடைப்பதைக் குற்றம் என்கிறது. முதல் முறை செய்தால் அபராதம் எவ்வளவு தெரியுமா? 10 முதல் 50 ரூபாய். ஒரு காபி காசு.

சட்டத்தின் பல் இவ்வளவு மொட்டையாக இருக்கும்போது, நல்ல கூண்டுக்கும் கெட்ட கூண்டுக்கும் வித்தியாசத்தைக் காப்பாற்றுவது வளர்ப்பவர்களின் மனசாட்சியும் சக வளர்ப்பாளரின் கண்ணும்தான். கிளப் விசிட்டின் உண்மையான மதிப்பு இங்கே இருக்கிறது. மாதாமாதம் இருபது பேர் வந்து பார்ப்பார்கள் என்று தெரிந்தால், ஒருவர் தன் மக்காவை இரண்டடிக் கூண்டில் வைக்கக் கூச்சப்படுவார். ஆனால் எல்லோரும் "சூப்பர் கலெக்ஷன் சார்" என்று மட்டும் சொல்லிவிட்டு டிபன் சாப்பிட்டுக் கிளம்பினால் அந்தக் கண் குருடாகிவிடும். விசிட் என்பது வெறும் ஊர்சுற்றல் ஆகிவிடும்.

பட்ஜிக்குக் கூண்டுக்கு வெளியே நம் ஊரில் வாழ்க்கை கிடையாது என்பது உண்மை. அதனால் கேள்வி "கூண்டா, வானமா?" என்பதில் நிற்பதில்லை. கூண்டில் பிறந்த இந்த ஜீவனுக்குப் பறக்க நீளமும், துணைக்கு இன்னொரு பறவையும், பகல் முழுக்க வேலையும், இரவில் இருட்டும் அமைதியும் நீங்கள் கொடுக்கிறீர்களா? அதுதான் கேள்வி.

"ஒண்ணு எடுத்துட்டுப் போங்க"

விசிட்டின் கடைசியில் யாராவது இப்படிச் சொல்வார்கள். கையில் ஊட்டி வளர்த்த குட்டிக் கான்யூர் ஒன்று உங்கள் தோளில் ஏறி உட்காரும். மனசு கரைந்துவிடும். அன்றே எடுத்து வராதீர்கள். வீட்டுக்கு வந்து இந்தக் கணக்கைப் போடுங்கள்.

ஆயுள்: பட்ஜி 5 முதல் 10 வருஷம். காக்டெயில் 15 முதல் 20 வருஷம். சாம்பல் கிளியும் பெரிய மக்காக்களும் 40, 50 வருஷம் வாழலாம். இப்போது உங்களுக்கு 28 வயது என்றால், நீங்கள் ரிட்டையர் ஆகும்போதும் அது கூவிக்கொண்டிருக்கும். அதற்குள் நீங்கள் எத்தனை ஊர் மாறுவீர்கள், கல்யாணம், குழந்தை, வெளிநாட்டு வேலை?

சத்தம்: சன் கான்யூரின் குரல் நாலு வீடு தாண்டும். வீட்டு ஓனருக்கும் குடியிருப்போர் சங்கத்துக்கும் பிடிக்குமா?

மருத்துவம்: நாய், பூனை டாக்டர்கள் தெருவுக்கு ஒருவர் இருக்கிறார்கள். பறவை பார்க்கத் தெரிந்தவர் உங்கள் நகரத்தில் யார், எங்கே? பறவை வாங்கும் முன் இந்த போன் நம்பர் உங்கள் கையில் இருக்க வேண்டும். கிளப்பில் கேட்டால் சொல்லிவிடுவார்கள்.

தனிமை: புதுப் பறவையைக் குறைந்தது 30 நாள் வேறு அறையில் வைக்க வேண்டும். பழைய பறவைகளுக்குத் தீனி வைத்த பிறகே இதற்கு வைக்க வேண்டும், கிண்ணமும் துடைக்கும் துணியும் தனி. ஒரே அறை உள்ள வீடு என்றால் இதை எப்படிச் செய்வீர்கள்?

நான்கு கேள்விக்கும் பதில் இருந்தால், பதிவுக் காகிதத்தோடு அடுத்த மாதம் போய் வாங்குங்கள். அந்தப் பறவை அதுவரை எங்கேயும் ஓடிவிடாது.

ஹோஸ்ட்டிடம் கேட்க ஐந்து கேள்விகள்

இவற்றை மரியாதையாக, தனியாக இருக்கும்போது கேளுங்கள். எல்லார் முன்னாலும் குறுக்கு விசாரணை வேண்டாம்.

1. இந்தப் பறவை எங்கே பிறந்தது? பதிவுச் சான்று இருக்கா?
2. புதுசா வர்றதை எத்தனை நாள் தனியா வைக்கிறீங்க, எங்கே?
3. மே மாச வெயிலுக்கும் அடைமழைக்கும் என்ன ஏற்பாடு?
4. நீங்க ஊருக்குப் போனா யார் பார்த்துக்குவாங்க?
5. போன வருஷம் எத்தனை பறவை செத்துச்சு, எதனால?

ஐந்தாவது கேள்விதான் கொஞ்சம் கஷ்டம். பறவை வளர்த்து ஒன்றுகூடச் சாகாத வீடு கிடையாது. "நம்மகிட்ட அதெல்லாம் கிடையாது" என்று சிரிப்பவரிடம் டீ குடித்துவிட்டு வந்துவிடுங்கள். "ஆறு போச்சு. நாலு எலியால, ஒண்ணு முட்டை சிக்கி, ஒண்ணு ஏன்னு இன்னும் தெரியல. அதுக்கப்புறம்தான் இந்த வலையை மாத்தினேன்" என்று எண்ணிச் சொல்பவர் கிடைத்தால், அவர் போன் நம்பரை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். உங்கள் பட்ஜி ஒரு நாள் உடலை உப்பவைத்துக் கூண்டின் மூலையில் உட்காரும்போது, டாக்டருக்கு அடுத்தபடியாக நீங்கள் கூப்பிட வேண்டிய ஆள் அவர்தான்.